பத்தரை வருடப் பூட்டு: கல்யாண மண்டபமாக மாற்றப் போய் இடிந்த ஒரு டாக்கீஸ் கட்டடம்

எதற்காக இதை எழுதுகிறேன்

தென் மாவட்டத்தில் ஒரு தாலுகா ஊர். ஊர்ப் பெயரும் ஆட்கள் பெயரும் வேண்டாம், அந்தக் குடும்பத்தில் எல்லோரும் இன்னும் அங்கேதான் புழங்குகிறார்கள். நான் கட்டடப் பொறியாளர். 2019 ஜூலையிலிருந்து மூன்று வருடம் இந்தக் கட்டடத்தோடு எனக்குத் தொடர்பு இருந்தது. காப்பாற்றலாம் என்று நம்பி எடுத்த வேலை, கூடம் முழுக்க இடிந்து, முன்பக்கம் மட்டும் மிஞ்சியதில் முடிந்தது. அதில் என் தவறும் உண்டு. இதே மாதிரி பூட்டிக் கிடக்கும் டாக்கீஸ் நம் பக்கத்து ஊர்களில் நிறைய இருக்கிறது, நாளைக்கு ஒருவர் அதன் சாவியை வாங்கித் திறக்கும்போது இது உதவட்டும்.

மூடிய தியேட்டர் என்ன ஆகும் என்பதற்கு எல்லா வகை உதாரணமும் நம்மிடம் இருக்கிறது. சென்னை மவுண்ட் ரோட்டில் 1913இல் வார்விக் மேஜர் தொடங்கிய எலெக்ட்ரிக் தியேட்டர் அஞ்சல் துறையின் கைக்குப் போனதால் தப்பித்தது, அண்ணா சாலைத் தலைமை அஞ்சலக வளாகத்துக்குள் தபால்தலைப் பிரிவாக நிற்கிறது. அதற்கு அடுத்த வருடம் ரகுபதி வெங்கையா கட்டிய கெயிட்டி இப்போது இல்லை. 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’யோடு திறந்த மதுரை தங்கம் தியேட்டர் இருந்த இடத்தில் ஜவுளிக் கடை இருக்கிறது. 1961இல் திறந்த சாந்தி 2016இல் மூடி, பிறகு இடிக்கப்பட்டது. பெரிய ஊர் தியேட்டர் போனால் பத்திரிகையில் நாலு பேர் எழுதுவார்கள். தாலுகா ஊர் டாக்கீஸ் போனால் ஊர்க்காரர்கள் பேருந்தில் போகும்போது பார்த்து “அடடா, இடிச்சுட்டாங்களா” என்பதோடு சரி.

பின்னணி

கட்டியவர் நிலக்கடலை வியாபாரி. 1959 பொங்கலுக்குத் திறந்தார். கூடம் 110 அடி நீளம், 52 அடி அகலம், நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. பக்கச் சுவர் 14 அங்குலம், செங்கலும் சுண்ணாம்புக் காரையும். சுவரோடு சேர்ந்து 12 அடிக்கு ஒரு செங்கல் தூண், அந்தத் தூண் ஒவ்வொன்றின் மேலும் கூரையைத் தாங்க ரிவிட் அடித்த இரும்பு டிரஸ், அதாவது முக்கோணச் சட்டம், மொத்தம் 8. மேலே ஆஸ்பெஸ்டாஸ் சீட். முன்பக்கம் மொசைக் தரை போட்ட வராந்தா, இரண்டு பக்கமும் மாடிப்படி, பால்கனி, அதற்குப் பின்னால் ஆபரேட்டர் ரூம். வெளியே டிக்கெட் கவுண்டருக்குப் போக ஓர் ஆள் மட்டும் நுழையக்கூடிய சந்து, இரண்டு பக்கமும் ஆள் உயரச் சுவர்.

தரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பிற்பாடு நடந்ததற்கெல்லாம் அதுதான் வேர். தியேட்டர் தரை பின்னால் உயர்ந்து திரைப் பக்கம் சரிந்து வரும். இங்கே வராந்தா வெளித் தரையிலிருந்து ஏழு படி ஏறி இருந்தது, திரைக்கு அடியில் தரை கிட்டத்தட்ட வெளி மண் மட்டத்துக்கே இறங்கிவிடும். வித்தியாசம் 4 அடி.

உரிமையாளர் 1996இல் உயில் எழுதாமல் காலமானார். சொந்தமாகச் சம்பாதித்த சொத்து என்பதால் 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சம பங்கு, மகளுக்கும் சேர்த்துத்தான். மனைவி 2004இல் போனார். மிச்சம் மூன்று பேர்: உள்ளூரில் மில் நடத்தும் மூத்தவர், சென்னையில் இருக்கும் இளையவர், அதே ஊரில் கட்டிக்கொடுத்த தங்கை. தியேட்டரைக் குத்தகைக்கு எடுத்து 1999இலிருந்து ஓட்டியவர் வேறு ஒருவர்.

அந்தக் காலத்தில்தான் படப்பெட்டி போய் டிஜிட்டல் வந்தது. பிலிமுக்குப் பதில் செயற்கைக்கோள் வழியாகவும் ஹார்ட் டிஸ்க்கிலும் படம் வர ஆரம்பித்தது, பழைய புரொஜெக்டர் வைத்திருந்தவர்களுக்குப் புதுப் படம் கிடைப்பது வருடா வருடம் கஷ்டமானது. 2013 வாக்கில் பியூஜி நிறுவனமே சினிமா பிலிம் தயாரிப்பை நிறுத்திவிட்டது. நம் குத்தகைக்காரர் 2008லேயே வந்து கேட்டார்: நான் டிஜிட்டல் போடுகிறேன், நீங்கள் கூரை ஒழுகுவதைச் சரிசெய்து கொடுங்கள். பாகம் பிரியாத சொத்தில் யார் பணம் போடுவது என்று மூவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். டிசம்பரோடு அவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

பூட்டியிருந்த காலம்

2008 டிசம்பரிலிருந்து 2019 ஜூலை வரை பத்தரை வருடம். யாரும் உள்ளே போகவில்லை என்று சொல்ல முடியாது, தேர்தல் நேரத்தில் கொடிக்கம்பு போட்டு வைத்தார்கள், ஒரு பந்தல்காரர் சில மாதம் நாற்காலி அடுக்கி வைத்திருந்தார். கூரைக்கு மட்டும் யாரும் ஏறவில்லை. படம் ஓடிய காலத்தில் ஐப்பசி பிறப்பதற்கு முன்னால் ஆள் ஏற்றி, கூரைத் தண்ணீர் வடியும் வாரியில் சேர்ந்த சருகை அள்ளுவது வழக்கமாம். அது நின்றுபோயிற்று. முன்பக்கக் கட்டடமும் கூடமும் சேரும் இடத்தில் ஒரு தகர வாரி இருந்தது, வடக்குச் சுவர் தலையில் இன்னொன்று. இரண்டும் அடைத்து, தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் சுவருக்குள் இறங்கியது. வடக்குச் சுவரில் அரசங்கன்று முளைத்து, நான் பார்க்கும்போது என் கை கனத்துக்கு வேர் விட்டிருந்தது.

படம் நின்றதால் அந்தக் கட்டடம் கெடவில்லை. வருடத்துக்கு இரண்டு நாள் கூலி செலவழித்து வாரியைச் சுத்தம் செய்திருந்தால் 2019இல் என் வேலை பாதியாகக் குறைந்திருக்கும்.

2019இல் பார்த்தது

மூத்தவர்தான் கூப்பிட்டார். “அப்பா கட்டுனது தம்பி, இடிக்க மனசு வரல, ஆனா சும்மா போட்டு வைக்கவும் முடியல, நீங்க பாத்துச் சொல்லுங்க” என்றார். மூன்று நாள் அளந்தேன்.

ஆபரேட்டர் ரூம் அசைக்க முடியாத மாதிரி இருந்தது. பழைய நைட்ரேட் பிலிம் தீப்பிடித்தால் அணைக்க முடியாது என்பதால் அந்தக் காலத்திலிருந்தே அந்த அறையைக் கனமான சுவர், கான்கிரீட் மேல்தளம், இரும்புக் கதவு என்று தனியாகக் கட்டும் வழக்கம் வந்தது, ஆபத்தில்லாத பிலிம் வந்த பிறகும் வழக்கம் மாறவில்லை. படம் காட்டும் துளைகளுக்கு மேலே தீ வந்தால் விழுந்து மூடும் தகரப் பலகைகூட அப்படியே இருந்தது. கார்பன் குச்சி எரிந்த காலத்துப் புகைக்குழாய் இரண்டும் கூரை வழியாகப் போயின.

கூடம் வேறு கதை. டிரஸ்ஸின் நடுப்பகுதி நன்றாக இருந்தது, தட்டினால் கணீரென்று கேட்டது. வடக்குச் சுவரில் உட்காரும் முனைகளில் மூன்று இடத்தில் இரும்பு செதில் செதிலாக உரிந்தது. உள்பக்கம் பூச்சைப் பெயர்த்துச் சாவியால் சுரண்டினால் காரை பொடியாக உதிர்ந்தது. வெளிப்பக்கம் பார்க்க முடியவில்லை, அங்குல கனத்துக்கு சுவரொட்டி மேல் சுவரொட்டி. இரண்டு இடத்தில் கிழித்துப் பார்த்தேன், ஒன்றில் செங்குத்தாக வெடிப்பு இருந்தது. முழுச் சுவரையும் உரித்துப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு இடத்தோடு விட்டுவிட்டேன்.

அங்கே முப்பது வருடம் ஆபரேட்டராக இருந்த பெரியவர் ஒருவர் மாலையில் வந்து வாசலில் உட்காருவார். நான் டேப் பிடிப்பதைப் பார்த்துவிட்டு, “மழ நேரத்துல வந்து பாருங்க தம்பி, வெயில்ல பாத்தா எல்லாம் நல்லாத்தான் தெரியும்” என்றார். தண்ணீர் எந்த மூலையில் இறங்கும், திரைக்கு அடியில் எவ்வளவு தேங்கும், எத்தனை நாளில் வடியும், எல்லாம் அவருக்குத் தெரியும். அன்று அவரோடு அரை மணி நேரம் பேசினேன். அறிக்கையில் அவர் சொன்னது ஒரு வரிகூட இல்லை, ஏனென்றால் நான் கண்ணால் பார்த்ததை மட்டுமே எழுதினேன். ஐப்பசி வரைக்கும் காத்திருக்கவும் இல்லை.

இருந்த வழிகளும் எடுத்த முடிவும்

திரும்பவும் தியேட்டராக்கலாமா என்பதுதான் எல்லோருக்கும் முதலில் வந்த ஆசை. படம் ஓட்டுவதற்கான சி பார்ம் லைசென்ஸ் காலாவதியாகி வருடக்கணக்காகிவிட்டது. பொதுப்பணித் துறை, மின் ஆய்வாளர், தீயணைப்பு, சுகாதாரம் என்று ஒவ்வொரு சான்றிதழும் புதிதாக வாங்கி ஆட்சியரிடம் போக வேண்டும். பக்கத்து நகரத்தில் ஏசி போட்ட இரண்டு திரை தியேட்டர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. இந்த யோசனை ஒரே நாளில் முடிந்துபோனது.

இடித்து மனையாக விற்பது இளையவரின் விருப்பம். தங்கை கையெழுத்துப் போட மறுத்தார். அந்த அக்கா சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: “எங்கப்பா தினமும் முதல் ஆட்டத்துக்கு அந்த வாசல்ல நிப்பாங்க. அந்த வாசல் இருக்கணும், மத்தது நீங்க என்ன வேணாலும் பண்ணுங்க.”

உர வியாபாரி ஒருவர் குடோனாகக் கேட்டார், கூரையை மட்டும் சரிசெய்தால் போதும் என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். உர உப்பு இரும்பையும் செங்கலையும் அரிக்கும், அது உண்மை. ஆனால் உரம் இல்லாமல் வேறு சரக்குக்கு, நெல்லுக்கோ சிமெண்டுக்கோ, ஆள் தேடிப் பார்க்கலாம் என்று அப்போது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. சரக்கு நனையக் கூடாது என்பதற்காகவாவது குடோன்காரர் கூரையைப் பார்த்துக்கொள்வார்.

கடைசியில் 2019 நவம்பரில் கல்யாண மண்டபம் என்று முடிவானது. தூணில்லாத பெரிய கூடம், பேருந்து நிலையத்துக்குப் பக்கம், சைக்கிள் ஸ்டாண்டு இருந்த இடம் வண்டி நிறுத்தப் போதும். மூத்தவருக்குக் கட்டடம் நிற்கிறது, இளையவருக்கு வாடகை வருகிறது, தங்கைக்கு அந்த வாசல் இருக்கிறது. மூவரும் ஒத்துப்போன ஒரே வழி அதுதான், அதனாலேயே அதிலுள்ள சிக்கலை நான் அழுத்திச் சொல்லாமல் விட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. சரிந்த தரையை மட்டமாக்கினால் திரைப் பக்கம் 4 அடி மண் நிரப்ப வேண்டும். கூரையைத் தாங்கக் கட்டிய சுவர் அன்றிலிருந்து மண்ணையும் தாங்க வேண்டும்.

என் வரைபடத்தில் பக்கச் சுவரை ஒட்டி, ஒன்றரை அடி தள்ளி, உள்ளே ஒரு கருங்கல் சுவர் காட்டியிருந்தேன், மண்ணின் தள்ளல் செங்கல் சுவருக்கு வராமல் இருக்க. செலவைக் குறைக்க அதை எடுத்துவிடலாமா என்று ஒப்பந்தக்காரர் கேட்டார். மேலே தளம் போட்டு மூடிவிட்டால் மண் காய்ந்தேதான் இருக்கும், காய்ந்த மண் அவ்வளவு தள்ளாது என்று கணக்குப் பார்த்து நானும் சரி என்றேன்.

வேலை நடந்த விதம்

டிசம்பரில் உள்ளே இருந்ததெல்லாம் வெளியே போனது. நாற்காலிகள் இரும்புக் கடைக்கு. போட்டோபோன் புரொஜெக்டர் இரண்டும் கிலோ கணக்கில். ஆபரேட்டர் பெரியவர் ஒரு லென்ஸ் மட்டும் கேட்டார், மூத்தவர் உடனே எடுத்துக் கொடுத்தார். மாடிப்படிக்குக் கீழே மூட்டை மூட்டையாக டி.சி.ஆர். என்கிற தினசரி வசூல் நோட்டுகள் இருந்தன, எந்தப் படம் எந்த ஆட்டத்துக்கு எவ்வளவு வசூல், பெஞ்சில் எத்தனை டிக்கெட், தரையில் எத்தனை என்று ஒவ்வொரு நாளும் எழுதியது, நாற்பது வருடத்துக்கு மேல். பழைய பேப்பர்காரர் எடுத்துப் போனார். நான் அங்கேயே நின்றேன், சுவரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

வேலையின் வரிசையும் மாறியது. சுவர் தலையைச் சுற்றி கான்கிரீட் பெல்ட் போட்டு, டிரஸ் முனைகளைச் சரிசெய்து, புதுக் கூரை போட்டு, கடைசியாக மண் நிரப்புவதுதான் நான் எழுதிக் கொடுத்தது. ஜனவரியில் பக்கத்தில் சாலை அகலப்படுத்தும் வேலை நடந்தது, தோண்டிய மண் சும்மா கிடைத்தது. அதனால் மண் முதலில் வந்தது. கிராவல் என்றார்கள், பாதிக்கு மேல் கரிசல் கலந்திருந்தது. தண்ணீர் பட்டால் கரிசல் ஊதும் என்பது இந்தப் பக்கம் பிறந்த யாருக்கும் தெரியும். இரண்டு லாரியைத் திருப்பி அனுப்பினேன், நான் இல்லாத நாட்களில் வந்தது உள்ளே போய்விட்டது.

மார்ச் முதல் வாரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் சீட்டைக் கழற்றினார்கள். தூசி பறக்காமல் நனைத்து, உடைக்காமல் இறக்கச் சொல்லியிருந்தேன், அது ஓரளவு நடந்தது. ஆனால் ஒரு பக்கமாகக் கழற்றிப் புதுச் சீட் போட்டுக்கொண்டே போகாமல் மொத்தக் கூரையையும் ஒரே வாரத்தில் திறந்துவிட்டார்கள். ஆவணி முகூர்த்தத்துக்கு மண்டபம் தயாராக வேண்டும் என்ற அவசரம். டிரஸ்களுக்குக் குறுக்கே சீட்டைத் தாங்கிய பழைய பர்லின்களையும் இறக்கிவிட்டதால் டிரஸ்களைப் பக்கவாட்டில் பிடிக்க எதுவும் இல்லை. நான் பார்த்தேன், பத்து நாளில் புதுசு ஏறிவிடும் என்று நம்பிப் பேசாமல் இருந்தேன்.

2020 மார்ச் 25இல் கொரோனா ஊரடங்கு வந்தது.

கூரையில்லாத பத்து மாதம்

வெல்டிங் ஆட்கள் வடக்கே ஊருக்குப் போய்விட்டார்கள். கூரைச் சாமான் வந்து சேரவில்லை. மே மாதம் ஓரளவு தளர்ந்தபோது கையில் பணம் இல்லை, மில் ஓடவில்லை, கல்யாணமே ஐம்பது பேரோடு நடக்கும்போது மண்டபத்தில் யார் பணம் போடுவார்கள். தார்ப்பாய் வாங்கி மண்ணுக்கு மேல் விரிக்கச் சொன்னேன், விரித்தார்கள். ஆடிக் காற்று அதைக் கிழித்துப் போட்டது. மண்ணுக்கு மேலே மெல்லிய சிமெண்ட் தளமாவது போட்டுவிடலாம் என்று செப்டம்பரில் கேட்டேன், இளையவர் இனி ஒரு ரூபாயும் தர முடியாது என்றுவிட்டார். நான் அதோடு விட்டேன். சுவரில் தண்ணீர் வடிய ஓட்டை போடுவதற்கு இரண்டு ஆள், இரண்டு நாள் போதும், அதையாவது கேட்டிருக்கலாம்.

வடகிழக்குப் பருவமழையில் மண் முழுக்க ஊறியது. வடக்குச் சுவரின் கீழ்ப்பகுதி வெளிப்பக்கம் லேசாகப் புடைத்திருப்பதை டிசம்பரில் மூத்தவர் போனில் படம் எடுத்து அனுப்பினார். போய்ப் பார்த்து அன்றே சுவரை ஒட்டிய சந்துப் பாதையை மறித்து ஆள் போக விடாமல் செய்தேன். இந்த முழு விவகாரத்தில் நான் தாமதிக்காமல் செய்த ஒரே காரியம் அதுதான். 2021 ஜனவரியில் வழக்கத்துக்கு மாறாகத் தென் மாவட்டங்களில் மழை கொட்டியது, தாமிரபரணியில் வெள்ளம் போனது நினைவிருக்கும். பொங்கல் சமயத்தில் ஒரு ராத்திரி, திரைப் பக்க மூலையிலிருந்து 40 அடி நீளத்துக்கு வடக்குச் சுவர் சந்துக்குள் விழுந்தது. மூன்று டிரஸ் கூடவே இறங்கின. ஆளுக்கு எதுவும் ஆகவில்லை.

காலையில் போய் உடைந்த இடத்தைப் பார்த்தபோது எல்லாம் படித்த பாடம் மாதிரி தெரிந்தது. காரை பொடியாகியிருந்த உயரத்துக்குச் சரியாகச் சுவர் முறிந்திருந்தது. அரச வேர் செங்கல் வரிசைக்குள் பத்தடி ஓடியிருந்தது. சுவரொட்டிக்குப் பின்னால் நான் பார்க்காத வெடிப்பு இன்னும் இரண்டு. மேலே கூரையின் எடையும் பிடிப்பும் இல்லை, உள்ளேயிருந்து ஊறிய கரிசல் தள்ளுகிறது, வெளியே தாங்க ஒன்றும் இல்லை. தண்ணீர் நின்ற இடமும் பெரியவர் சொன்ன மூலையேதான்.

அதற்குப் பிறகு

பேரூராட்சி நோட்டீஸ் கொடுத்தது. மிச்சச் சுவரை நிறுத்தி வைக்க முடியுமா என்று கேட்டார்கள், முடியாது என்று எழுதிக் கொடுத்தேன். பிப்ரவரி கடைசியில் கூடத்தை முழுதாக இறக்கினோம். பால்கனியும் போனது, அதன் உத்திரம் கூடத்துச் சுவரில் உட்கார்ந்திருந்தது.

முன்பக்கம் நின்றது. ஆபரேட்டர் ரூமும் அதன் கான்கிரீட்டும் இரண்டு மாடிப்படியும் சேர்ந்து ஒரு பெட்டி மாதிரி இருந்ததால் கூடம் போன பிறகும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. பின்பக்கம் புதுச் சுவர் ஒன்று எழுப்பி மூடினோம், வாரியை அகலமாக்கி வெளியே வடியும்படி மாற்றினோம். 2022இல் பாகம் பிரித்தார்கள். பின்னால் உள்ள இடம் அண்ணன் தம்பிக்கு, அதை விற்றுவிட்டார்கள். வாசல் தங்கைக்கு. கீழே வராந்தாவில் ஒரு டிபன் கடையும் செல்போன் கடையும் இருக்கின்றன. டிக்கெட் கவுண்டருக்குப் போகும் சந்துச் சுவரை இடிக்க வேண்டாம் என்று அந்த அக்கா சொல்லிவிட்டார், டிபன் கடைக்காரர் அதில் விறகு அடுக்குகிறார்.

இப்போது செய்தால்

அடுத்து ஒரு தியேட்டர் கட்டடம் என் கைக்கு வந்தால் முதல் வேலை வாரியும் கூரையும்தான். என்ன செய்யப் போகிறோம் என்ற முடிவு ஒரு வருடம் கழித்துக்கூட வரட்டும், வாரிசுகள் பேசி முடிக்க அவ்வளவு நாள் ஆகத்தான் செய்யும். தண்ணீர் மட்டும் அன்றைக்கே நிற்க வேண்டும். குடும்பத்தில் யாரும் பெரிய பணம் போட மாட்டார்கள் என்றால், கூரையைப் பராமரிக்கும் நிபந்தனையோடு குறைந்த வாடகைக்கு ஆள் விடச் சொல்வேன்.

ஒரு மழைக்காலம் பார்க்காமல் அறிக்கை எழுத மாட்டேன். ஆபரேட்டர், டிக்கெட் கிழித்தவர், சைக்கிள் ஸ்டாண்டுக்காரர் என்று அங்கே வேலை பார்த்தவர்களைக் கூட்டிக்கொண்டு சுற்றி வந்து அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்வேன். சுவரொட்டியை முழுக்க உரிப்பேன்.

சரிந்த தரையில் மண் நிரப்பவே மாட்டேன். செங்கல் தூண் எழுப்பி மேலே பலகைத் தளம் போடலாம், செலவு கூடும், ஆனால் சுவரைத் தொடாது. அது முடியாதென்றால் அந்தக் கூடத்துக்கு மண்டபம் சரிவராது என்று நேராகச் சொல்லிவிடுவேன். கூரையை ஒரே நேரத்தில் திறக்க விடவும் மாட்டேன், இரண்டு டிரஸ் இடைவெளிக்கு மேல் வானம் தெரியக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுவேன்.

டி.சி.ஆர். நோட்டுகளைப் பற்றித்தான் அதிகம் வருத்தம். சுவரைத் திரும்பக் கட்டலாம், அந்த ஊர் நாற்பது வருடம் எந்தப் படத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது வேறெங்கும் எழுதப்படவில்லை. ஒரு நாள் செலவழித்திருந்தால் ஒரு அட்டைப்பெட்டியாவது தனியே எடுத்து வைத்திருக்கலாம்.

போன ஐப்பசிக்கு முன்னால் அந்த அக்கா போன் செய்தார், வாரிக்கு ஆள் ஏற்றியிருப்பதாகவும் நான் ஒருமுறை வந்து பார்த்தால் நல்லது என்றும். போனேன். ஒரு சாக்குச் சருகு அள்ளியிருந்தார்கள். நான் இருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது, ஆபரேட்டர் ரூமுக்குள் ஏறி நின்று பார்த்தேன், ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை.